நிக்கிறவங்களுக்கு மூணாவது லைஃப்

1

நான் ஜெர்மனிக்கு வந்து போன மாசத்தோட இருபது வருஷம் முடிஞ்சது. இந்த மாதிரி நாளுக்கு நம்மாளுங்க கேக்கு வெட்டி, படம் எடுத்து, எல்லாருக்கும் நன்றின்னு எழுதிப் போடுவாங்க. எனக்கு அந்தப் பவிசெல்லாம் வேண்டாம். அன்னிக்கு நான் முறுக்கு சுட்டுக்கிட்டிருந்தேன்.

யாருக்கு முறுக்குன்னா, என் மகனோட சங்கத்துக்கு. இந்த நாட்டுல எதுக்கெடுத்தாலும் ஒரு சங்கம் உண்டு. முயல் வளர்க்கிறவங்களுக்கு ஒண்ணு, பாட்டுப் பாடறவங்களுக்கு ஒண்ணு, பழைய டிராக்டர் வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு. தலைவர், செயலாளர், பொருளாளர், வருஷச் சந்தா எல்லாம் முறைப்படி இருக்கும். என் மகன் ஜெரோமுக்குப் பதினேழு வயசு. அவன் சேர்ந்திருக்கிறது பழைய வீடியோ கேம் மெஷின் சங்கம். ஆள் உசரத்துக்கு ஒரு மரப்பொட்டி, அதுக்குள்ள ஒரு டிவி, முன்னால ஒரு ஸ்டிக்கு, நாலஞ்சு பட்டன். காயின் போட்டு, நின்னுக்கிட்டே விளையாடறது. அந்த மாதிரி மெஷினை எங்கெங்கயோ தேடி வாங்கி, பழுது பார்த்து, மூடிக்கிடந்த ஒரு ஃபேக்டரியோட கீழ்த்தளத்துல வரிசையா நிறுத்தி வச்சிருக்காங்க.

வருஷத்துக்கு ஒரு நாள் ஊர்ச்சனத்துக்குக் கதவைத் திறந்துவிடுவாங்க. அன்னிக்கு மெம்பர் வீட்டுல இருந்து ஆளுக்கொரு கேக்கு போகணும். மத்த அம்மாமாரெல்லாம் கேக்குதான் கொண்டாருவாங்க, நீ இந்தியப் பலகாரம் ஏதாச்சும் கொண்டா, கூட நின்னு வித்தும் குடுன்னான் ஜெரோம். அப்பிடித்தான் எனக்கு அழைப்பு வந்துச்சு. மெஷின் பக்கத்துல நிக்க இல்ல, பலகார மேசைக்குப் பின்னாடி நிக்க.

அங்க நடந்ததை இங்கிட்டு யார்கிட்டச் சொன்னாலும், இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கேன்னு கேக்குறாங்க. ஊர்ல இருக்கிற உங்களுக்காவது வெளங்கும்னுதான் எழுதறேன். வெளங்கலைன்னா விட்டுருங்க. எழுதினாலே எனக்குப் பாதி ஆத்திரம் அடங்கும்.

2

எங்க வீடு புதுக்கோட்டை திருக்கோகர்ணத்துல, டவுன் பஸ் போற ரோட்டு மேலயே. எங்கப்பா ஆரோக்கியசாமி ஆவூர்ப் பக்கத்துக்காரர். சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வேலை பார்த்து, முதுகு போனதும் திரும்பி வந்தாரு. வந்தவர் மளிகைக்கடை வைப்பாருன்னு எல்லாரும் நினைச்சாங்க. அவரு திருச்சியில இருந்து ஒரு மினி லாரியில ரெண்டு மரப்பொட்டியைக் கொண்டுவந்து இறக்கினாரு. ரோட்டைப் பார்த்த முன் அறையைக் காலி பண்ணி அதுல ரெண்டையும் நிறுத்தி, வாசல்ல ‘வீடியோ கேம்ஸ்’னு பெயிண்டரை வச்சு எழுதினாரு. நான் அப்ப எட்டாவது. எங்கண்ணன் சேவியர் பத்தாவது.

கடை பிச்சுக்கிட்டு ஓடுச்சு. பள்ளிக்கூடம் விட்டதும் பையன்க புத்தகப் பையோட நேரா எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. சனிக்கிழமையானா திருவரங்குளத்துல இருந்து, அரிமளத்துல இருந்தெல்லாம் பஸ் ஏறி வருவாங்க, வீட்டுல டியூசன்னு சொல்லிட்டு. அவங்க ஆட்டுற ஆட்டுல ஸ்டிக்கோட குமிழ் அடிக்கடி ஒடஞ்சுபோகும். அப்பா கட்டில் கால் கடையிற கடையில குடுத்து மரத்துலயே ஒரு குமிழ் பண்ணிப் போட்டாரு. அதுக்கப்புறம் அது ஒடையவே இல்ல, பையன்க கைதான் காப்புக் காச்சுப் போச்சு.

ஒரு காயினுக்கு மூணு லைஃப். விளையாடறவன் ஒருத்தன்னா பின்னாடி நின்னு பாக்கறவங்க ஒரு கூட்டம். அவங்க கையில காசு இருக்காது. சும்மா நிப்பாங்களா? தள்ளுவாங்க, தப்புத் தப்பா யோசனை சொல்லுவாங்க, ஸ்டிக்கைப் பிடிச்சு இழுப்பாங்க. தெனம் ஒரு சண்டை, தெனம் ஒரு சட்டை கிழியும். அப்பா பொறுத்துப் பார்த்துட்டு ஒரு ரூல் போட்டாரு. மொத ரெண்டு லைஃப் காயின் போட்டவனுக்கு. மூணாவது லைஃப், பின்னாடி நிக்கிறவங்கள்ல மொதல்ல வந்து நின்னவனுக்கு. கேக்க வேண்டாம், கெஞ்ச வேண்டாம். ரெண்டாவது லைஃப் போச்சுன்னா விளையாடறவன் அவனா ஒதுங்கிக்கணும், நிக்கிறவன் அவனா கையை வைக்கணும்.

அதோட சண்டை நின்னுபோச்சு. நிக்கிறவன் வாயை மூடிக்கிட்டு ஒழுங்கா நின்னான். மூணாவது லைஃப்ல ருசி கண்டவன் மறுநாள் எப்பிடியாச்சும் காயினோட வந்து நின்னான். எங்கப்பா ஒண்ணும் தர்மம் பண்ணலை, யாவாரம் பண்ணினாரு. ஆனா பையன்க அதைச் சாமி சொன்ன மாதிரி காப்பாத்தினாங்க. புதுசா வர்றவனுக்கு மொதல்ல இதைத்தான் சொல்லிக்குடுப்பாங்க: இங்க நிக்கிறவங்களுக்கு மூணாவது லைஃப்.

நான் எங்க நின்னேன்னு சொல்லணும்ல? முன் அறைக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒரு நெலை இருந்துச்சு, கதவு கிடையாது, ஒரு பூப்போட்ட திரை. அந்தத் திரைக்கு இங்கிட்டு நான். லேசா ஒதுக்கினா மெஷினோட பக்கவாட்டுல ஒரு கீத்து வெளிச்சம் தெரியும். கடை திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது விளையாடிக்கிறேன்னு கேட்டேன். பொம்பளப் புள்ள ஸ்டிக்கைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டு நின்னா பாக்கறவன் என்ன சொல்லுவான்னாங்க அம்மா. பாக்கறதுக்குத்தான் அப்ப ஆளே இருக்காதேன்னேன். எதுத்துப் பேசறியான்னு முதுகுல ஒண்ணு வச்சாங்க.

எனக்கு அந்த வயசுல வேற ஆசையே கிடையாது. காயின் போட்டு விளையாடணும்னுகூட இல்ல. நானும் நிக்கிறேன், என்னையும் ஒருத்தியாக் கணக்குல எடுத்து, ஒரே ஒரு தடவை யாராச்சும் எனக்கு அந்த மூணாவது லைஃபைக் குடுக்கணும். அது போதும்னு இருந்தேன்.

3

அரிமளத்துல இருந்து ஒரு பையன் வருவான். அவன் பேரு எனக்குத் தெரியாது, எல்லாரும் அவனை அரிமளம்னே கூப்பிட்டாங்க. எங்க கடையில ஒரு சண்டை கேம் இருந்துச்சு. இங்கிலீஷ்ல அதுக்கு ஏதோ பேரு. எங்க பையன்க அதுக்கு வச்ச பேரு சட்டையில்லாதவன், ஏன்னா அதுல சண்டை போடறவன் மேலுக்கு ஒண்ணும் போட்டிருக்க மாட்டான். தெரு, பாலம், காடு, கடைசியில கோட்டைன்னு நாலு ஸ்டேஜ். கோட்டை வரைக்கும் போற ஆளு அரிமளம் ஒருத்தன்தான்.

ஒரு சனிக்கிழமை நல்ல மழை. கடையில கூட்டமே இல்ல. அரிமளம் மட்டும் நனைஞ்ச சட்டையோட விளையாடிக்கிட்டிருந்தான், அண்ணன் கல்லாவுல உக்காந்திருந்தான். நான் அன்னிக்குத் திரையை நல்லாவே ஒதுக்கிட்டு, நெலைப்படியைத் தாண்டி முன் அறைக்குள்ள வந்து நின்னேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்துச்சோ. கோட்டை வாசல்ல ரெண்டாவது லைஃப் போச்சு. அரிமளம் பின்னாடி திரும்பினான். வேற யாரும் இல்ல, நான்தான் நிக்கிறேன். அவன் மெஷினை விட்டு ஒரு எட்டு ஒதுங்கினான். என் மூஞ்சியைக்கூட நிமிர்ந்து பாக்கலை. ரூல் என்ன சொல்லுதோ அதைச் செஞ்சான்.

நான் போய் அந்தக் கட்டில் கால் குமிழைத் தொட்டுட்டேன். வழவழன்னு, கை சூட்டோட இருந்துச்சு. அதுக்குள்ள அண்ணன் எந்திரிச்சு வந்து என் முழங்கையைப் பிடிச்சுத் திருப்பிட்டான். அரிமளம் மெதுவாத்தான் சொன்னான்.

“அது நின்னுச்சுல்ல. ரூலு ரூலுதான?”

“அது நிக்கல,”ன்னான் எங்கண்ணன். “எட்டிப் பாக்குது.”

நாங்க இங்க பேசிக்கிட்டிருக்கும்போதே, அங்க மெஷின்ல சட்டையில்லாதவன் யாரும் ஆட்டாம நின்ன எடத்துல நின்னே அடி வாங்கிச் செத்தான். என் மூணாவது லைஃப் அப்பிடித்தான் போச்சு.

மறுநாளே அப்பா ஆசாரியைக் கூப்பிட்டு அந்த நெலைக்குக் கதவு போட்டாரு. தாழ்ப்பாள் முன் அறைப் பக்கம்.

4

கதவு போட்டா சத்தம் வராதா? அந்தச் சுவத்துக்கு இங்கிட்டுதான் எங்க அடுப்படி. வெங்காயம் உரிச்சுக்கிட்டே எல்லாத்தையும் கேட்டேன். தெருவுக்கு ஒரு பாட்டு, பாலத்துக்கு ஒரு பாட்டு. மனுசக் குரலே இல்லாத பாட்டு. ரேடியோவுல ஸ்டேஷன் மாத்தும்போது கீச்சுங்குமே, அந்தக் கீச்சை வச்சே கட்டின பாட்டு. காட்டுப் பாட்டு எனக்கு உசுரு. அடியில ஒரு சத்தம் தவளை மாதிரி விட்டு விட்டுக் கத்தும், மேல ஒண்ணு இழுத்து இழுத்து அழும். எந்த எடத்துல பாறை உருளும், எந்த எடத்துல ரெண்டு பேர் சேர்ந்து பாயுவாங்க, எல்லாம் எனக்குக் காதுலயே தெரியும். பட்டன் தட்டற வேகத்தை வச்சு யாரு விளையாடறாங்கன்னுகூட சொல்லிருவேன். ஞாயித்துக்கிழமை கோயில்ல பாட்டுக்குழுவுல நிக்கும்போது ஆர்மோனியத்துல ஒரு சுருதி வந்துச்சுன்னா எனக்குப் பாலம்தான் ஞாபகத்துக்கு வரும். ஏசப்பா மன்னிக்கணும்.

அரிமளம் கோட்டையையும் ஜெயிச்சு முடிச்சா கடைசியில ஒரு சின்னப் பாட்டு வரும். வேற எங்கயும் வராத பாட்டு. ஆனா அது ஆரம்பிச்சதும் பையன்க போடற கூச்சல்ல பாதி முங்கிப்போகும். அந்தப் பாட்டு ஓடும்போது மெஷின் திரையில என்ன தெரியுதுன்னு அண்ணன்கிட்டக் கேட்டேன். தெரிஞ்சு நீ என்ன பண்ணப்போறேன்னான்.

நாலஞ்சு வருஷத்துல கடை படுத்துருச்சு. வீட்டு டிவியிலயே மாட்டி விளையாடற கேம் வந்ததும் பையன்க வரத்து நின்னுபோச்சு. பொட்டி ரெண்டையும் பழைய இரும்புக்காரர் தள்ளுவண்டியில ஏத்திட்டுப் போனாரு. நான் நர்ஸிங் படிச்சேன், கல்யாணம் பண்ணினேன், இங்க வந்தேன். இப்ப ஒரு முதியோர் இல்லத்துல வேலை பாக்கறேன்.

வந்த புதுசுல மொழிப் பரீட்சையில, எதிர்ல உக்காந்திருந்த அம்மா பொழுதுபோக்கு என்னன்னு கேட்டாங்க. சின்ன வயசுல வீடியோ கேம் கேப்பேன்னேன். கேப்பேன்னு சொல்லக்கூடாது, விளையாடுவேன்னு சொல்லணும்னு சிரிச்சுக்கிட்டே திருத்தினாங்க. இல்லம்மா, கேக்கத்தான் செஞ்சேன்னு வெளக்கிச் சொல்ல எனக்கு அப்ப ஜெர்மன் பத்தலை. சரி, விளையாடுவேன்னேன். பாஸ் போட்டாங்க.

அப்புறம் பேரு. இங்க எல்லாருக்கும் குடும்பப் பேருன்னு ஒண்ணு வேணும். பாஸ்போர்ட்டுல என் இனிஷியலை விரிச்சு அப்பா பேரை அந்தக் கட்டத்துல போட்டுட்டாங்க. ஆபீஸ்ல, வேலையில, மகன் பள்ளிக்கூடத்துல, எங்க போனாலும் நான் திருமதி ஆரோக்கியசாமி. செலின்ங்கற பேரு வீட்டோட சரி. மாத்த முடியுமான்னு போய்க் கேட்டேன். ஊர்ல இருந்து இந்தச் சான்றிதழ் வாங்கிட்டு வா, அதுல முத்திரை குத்திட்டு வா, அதை மொழிபெயர்த்துட்டு வா, மொழிபெயர்ப்புக்கு ஒரு முத்திரை வாங்கிட்டு வான்னாங்க. போங்கடா நீங்களும் ஒங்க முத்திரையும்னு மனசுக்குள்ள சொல்லிட்டு வந்துட்டேன். கதவுக்கு அங்கிட்டு தாழ்ப்பாள் வச்ச மனுசன் பேருலயே இருபது வருஷம் ஓடிப்போச்சு.

ஜெரோம் சின்னப் புள்ளையா இருக்கும்போது சோறு ஊட்டிக்கிட்டே இந்தக் கடைக் கதையைச் சொல்லுவேன். தாத்தா, மாமா, அரிமளம், கட்டில் கால் குமிழ், மூணாவது லைஃப். திரைக்குப் பின்னாடி நின்ன கதையை மட்டும் சொன்னதில்ல. சாப்பிடற புள்ளைகிட்ட அதை எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன். அப்பெல்லாம் அவன் வாயில தமிழ் நல்லா வந்துச்சு. பள்ளிக்கூடம் போகப் போக ஒவ்வொரு வார்த்தையா கழண்டுபோச்சு. இப்ப நான் தமிழ்ல கேட்டா அவன் ஜெர்மன்ல பதில் சொல்றான், அதுவும் போனைப் பார்த்துக்கிட்டு. ஆனா கதை மட்டும் அவன்கிட்ட தங்கிருச்சு. அந்தச் சங்கத்துல அவன் சேர்ந்ததுக்கே அதுதான் காரணம்னு நினைச்சு நான் பெருமைப்பட்டுக்கிட்டிருந்தேன்.

5

அன்னிக்கு முறுக்கு டப்பாவைத் தூக்கிக்கிட்டு அந்த ஃபேக்டரிப் படியில எறங்கினதும் மொதல்ல கண்ணுல பட்டது ஒரு பலகை. பெரிய எழுத்துல, ஜெர்மன்ல: புதுக்கோட்டை விதி. மூன்றாவது லைஃப், நிற்பவருக்கு. ஊர்ப் பேருல ஒரு எழுத்தை முழுங்கியிருந்தாங்க. கீழ எங்கப்பா பேரு, இந்தியாவில் விளையாட்டு நிலையம் நடத்தியவர்னு போட்டிருந்துச்சு. டப்பாவைக் கீழ வச்சுட்டு ரெண்டு தடவை படிச்சேன். ஜெரோம் சொல்லித்தான் இந்த ரூலைக் கொண்டுவந்தாங்களாம். வாயைத் திறந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானா பாருங்க.

தலைவர் ஒரு தாடிக்காரர். என் கையைப் பிடிச்சுக் குலுக்கி, இந்த ரூல் வந்ததுல இருந்து மெஷினுக்கு முன்னாடி சண்டையே இல்ல, ஒங்கப்பா பெரிய மனுசர்னாரு. ஆமாங்கன்னு சொன்னேன். அப்புறம் கோட்டு மாட்டற அறைக்குப் பக்கத்துல ஒரு சின்ன அறைக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்கதான் கேக்கு மேசை. ஒரு ஏப்ரனும் ஒரு இடுக்கியும் குடுத்தாரு. மெஷினெல்லாம் சுவத்துக்கு அந்தப் பக்கம்.

முறுக்கு ஓரளவு போச்சு. காரமா இருக்குமான்னு எல்லாரும் கேட்டாங்க. ஒரு பெரியவர் இதைச் சாப்பிடறதா, செவுத்துல மாட்டறதான்னு கேட்டு அவரே சிரிச்சுக்கிட்டாரு. நானும் சிரிச்சேன், இங்க வந்து நல்லாப் பழகினது அதுதான். அப்ப சுவத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து தவளை கத்துச்சு.

காட்டுப் பாட்டு. இத்தனை வருஷம் கழிச்சு. என் கையில இருந்த இடுக்கி அப்பிடியே நின்னுபோச்சு. இந்தக் கேம் இவங்ககிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாது. சட்டையில்லாதவன்னா ஜெரோமுக்கும் தெரியாது, அவனுக்குத் தெரிஞ்சது வேற பேரு. எதிர்ல ஒரு அம்மா கேக்குக்குத் தட்டை நீட்டிக்கிட்டு நிக்கறாங்க, நான் கேட்டுக்கிட்டிருக்கேன். பாறை உருண்டுச்சு. ரெண்டு பேர் பாஞ்சாங்க. பட்டன் தட்டறவன் யாரோ நல்லா விளையாடறவன். காடு முடிஞ்சு கோட்டைப் பாட்டு ஆரம்பிச்சதும் நான் ஏப்ரனைக் கழட்டி மேசை மேல போட்டுட்டு நடந்துட்டேன்.

விளையாடிக்கிட்டிருந்தது என் மகன். பின்னாடி அவன் கூட்டாளிங்க ஸ்டூல் போட்டு உக்காந்து போனைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. யாரும் நிக்கலை. நான் போய் நின்னேன். கோட்டையை நான் எப்பவும் கறுப்பாத்தான் நினைச்சிருந்தேன். அது ஊதா நெறம். தீப்பந்தம் ரெண்டு பக்கமும் ஆடிக்கிட்டிருந்துச்சு. அன்னிக்கு நெலைப்படியைத் தாண்டி வந்தப்ப இதையெல்லாம் எங்க பார்த்தேன், எனக்குக் குமிழ்தான் தெரிஞ்சுது. கண்ணுல தண்ணி வந்துருச்சு, துடைக்கக்கூட இல்ல. நான் வந்து நின்ன பிறகுதான் லூக்காஸ்னு அவன் கூட்டாளி ஒருத்தன் கையில பாட்டிலோட வந்து எனக்குப் பின்னாடி நின்னான். இதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க, அவன் எனக்குப் பின்னாடி.

ரெண்டாவது லைஃப் போச்சு. ஜெரோம் திரையைப் பார்த்தபடியே ஒரு எட்டு ஒதுங்கினான், ரூல்படி. நான் கையை வச்சேன்.

பிளாஸ்டிக் குமிழ். பரவால்ல. ரெண்டு எட்டு நடத்தினேன், சட்டையில்லாதவன் எனக்காக ரெண்டு எட்டு நடந்தான். பாட்டுல அந்த எடம் வருது, இப்ப மேல இருந்து கல்லு விழும், குதிக்கணும்னு எனக்குத் தெரியுது. எந்தப் பட்டன் குதிக்கிற பட்டன்னு தெரியலை. அதை எனக்கு யாரு காட்டினாங்க?

உக்காந்திருந்த பையன்கள்ல யாரோ சிரிச்சான். ஜெரோம் திரும்பிப் பார்த்தான். அவன் மூஞ்சி செவந்துபோச்சு. விடும்மான்னு ஜெர்மன்ல சொல்லி, என் கை மேல கையை வச்சு, வெரலை ஒவ்வொண்ணா எடுத்துவிட்டான். முரட்டுத்தனமா இல்ல, அதையும் சொல்லணும். எடுத்துட்டு ஸ்டிக்கை லூக்காஸ்கிட்டக் குடுத்தான். நான்தானடா மொதல்ல வந்து நின்னேன், அங்க பலகையில எழுதி வச்சிருக்கீங்கள்லன்னு கேட்டேன். மத்தவங்களுக்குப் புரியக்கூடாதுன்னு அவன் தமிழ்ல பதில் சொன்னான். எத்தனையோ மாசமா என்கிட்டத் தமிழே பேசாத புள்ள.

“அம்மா, நீ நிக்கல. நீ சும்மா பாக்கற.”

அவன் மாமா சொன்னது இவனுக்கு எப்பிடி வந்துச்சு? நான் சொல்லலையே. அவனும் அதை ஊர்ல இருந்து கேட்டு வரலை. இங்கயே பொறந்து, இங்கயே படிச்சு, ஆம்பளையும் பொம்பளையும் சமம்னு பள்ளிக்கூடத்துல கட்டுரை எழுதிப் பரிசு வாங்கின புள்ள. அந்த வாக்கியம் மட்டும் தானா வந்து வாயில உக்காந்துக்கிச்சு.

நான் கேக்கு மேசைக்குத் திரும்பி வந்து ஏப்ரனைக் கட்டிக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல அந்தக் கடைசிப் பாட்டு வந்துச்சு. லூக்காஸ் ஜெயிச்சுட்டான், என் லைஃப்ல. பையன்க போட்ட கூச்சல்ல பாட்டு பாதி முங்கிப்போச்சு. நாலு எட்டு வச்சா அந்தத் திரையைப் பார்த்திருக்கலாம். ஆனா அது எட்டிப் பாக்கறது. அதை நான் செய்யலை.

6

மறுநாள் எங்கண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் இப்பவும் திருக்கோகர்ணத்து வீட்டுலதான் இருக்கான். முன் அறையை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கான். நல்லா இருக்கீங்களா, சுகர் எப்பிடின்னு விசாரிச்சுட்டு, சட்டையில்லாதவன் கேம்ல கோட்டையை ஜெயிச்சா கடைசியில திரையில என்ன அண்ணே வரும்னு கேட்டேன்.

எந்தக் கேம்னான். சொன்னேன். அப்பிடி ஒண்ணு இருந்துச்சான்னான். அரிமளத்துல இருந்து வருவானே ஒருத்தன்னேன். ஆயிரம் பேர் வந்தானுங்க, யாரைன்னு நெனைப்பு வச்சுக்கிறதுன்னான். அந்தக் கடைசிப் பாட்டைப் போன்லயே பாடிக் காட்டினேன், நாப்பது தாண்டின பொம்பள, அடுப்படியில நின்னு, டிங் டிங்னு. அவன் கொஞ்சம் கேட்டுட்டு ஏதோ ரிங்டோன் மாதிரி இருக்குன்னான். கதவைப் பத்தியும் கேட்டேன். அது கரையான் அரிச்சு, எடுத்துப் போட்டு வருஷக்கணக்காச்சாம்.

எல்லாத்தையும் முன்னால நின்னு பார்த்தவனுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. எனக்குப் பாட்டு இருக்கு, படம் இல்ல. இதை யார்கிட்டப் போய்ச் சொல்றது. அவனுக்குப் பலகைச் சேதி மட்டும் எப்பிடியோ தெரிஞ்சிருந்துச்சு, ஜெரோம் படம் அனுப்பியிருக்கான். அப்பா பேரு போட்டிருக்காங்கள்ல, எம்பேரும் இருக்கான்னு கேட்டான். இல்ல அண்ணேன்னு சொல்லி வச்சுட்டேன்.

நீங்க கேப்பீங்க, இப்பத்தான் கேம் பேரு தெரிஞ்சுபோச்சே, நெட்டுல தேடினா முழுசும் வருமேன்னு. வரும். பஸ்ஸுல போகும்போதே பார்த்து முடிச்சிரலாம். நான் பாக்கலை, பாக்கவும் மாட்டேன். எனக்கு அந்தப் படம் வேண்டியிருந்தா என்னிக்கோ யார்கிட்டயாச்சும் கேட்டு வாங்கிப் பார்த்திருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது வேற. ஒருத்தன் ஒரு எட்டு ஒதுங்கணும், நான் கையை வைக்கணும், அந்தக் கையை யாரும் எடுத்துவிடக்கூடாது.

7

ஒரு வாரம் ஜெரோமும் நானும் சரியாப் பேசிக்கலை. வேலைக்குப் போனேன், வந்தேன், சோறு வடிச்சேன். போன புதன்கிழமை சாப்பிட உக்காந்தப்ப அவனா ஆரம்பிச்சான். உள்ளூர்ப் பத்திரிகையில சங்கத்தைப் பத்தி எழுத வர்றாங்களாம். புதுக்கோட்டை விதிதான் அதுல முக்கியமாம். தலைவர் ஒரு யோசனை சொன்னாராம்: திருமதி ஆரோக்கியசாமி சேலை கட்டிக்கிட்டு வந்து அந்தப் பலகைக்குப் பக்கத்துல நின்னா படம் நல்லா இருக்கும்னு. மெஷினையும் பக்கத்துல தள்ளி வச்சுக்கலாமாம். முறுக்குத் தட்டு ஒண்ணும் கையில இருந்தா இன்னும் நல்லதாம்.

கரண்டியைக் கீழ வச்சேன். பக்கத்துல நின்னா மூணாவது லைஃப் எனக்குத்தானன்னு கேட்டேன். அம்மா, அது வெறும் போட்டோன்னான், தட்டைப் பார்த்துக்கிட்டே.

அப்ப நான் சொன்னேன். தமிழ்லதான் சொன்னேன், அவனுக்கு வெளங்கற மாதிரி நிறுத்தி நிறுத்தி.

“வர்றேன். ஆனா அந்த ரூலை நீங்க அரைகொறையா எழுதி வச்சிருக்கீங்க. கீழ இன்னொரு வரி இருக்கு: பொம்பளைங்களைத் தவிர. அதையும் சேர்த்து எழுதச் சொல்லு. அப்பத்தான் அது புதுக்கோட்டை ரூலு. எழுதிட்டாங்கன்னா பட்டுச்சேலையே கட்டிக்கிட்டு வந்து நிக்கிறேன்.”

அவன் கை சோத்துலயே நின்னுச்சு. புரியலையோன்னு ஜெர்மன்லயும் ஒரு தடவை சொன்னேன். மொதத் தடவையே புரிஞ்சுதுன்னான். தாத்தா அப்பிடியா சொன்னாருன்னு கேட்டான். தாத்தா வாயால எதுவும் சொல்லலைடா, கதவு போட்டாருன்னேன். அப்புறம் திரைக்குப் பின்னாடி நின்ன கதையைச் சொன்னேன், நெலைப்படி, மழை, அரிமளம், அவன் மாமா பிடிச்ச முழங்கை, மாமா சொன்ன வார்த்தை எல்லாத்தையும். அந்த வார்த்தை வந்ததும் அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். மன்னிச்சிரும்மான்னு சொல்லுவான்னு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அவன் தட்டை எடுத்துட்டுப் போய்க் கழுவி வச்சான். தலைவர்கிட்டச் சொல்றேன்னு மட்டும் சொன்னான். என்னத்தைச் சொல்றேன்னு சொல்லலை.

பத்திரிகைக்காரங்க வர்ற தேதி தள்ளிப் போயிருக்காம். பலகையில அந்த வரி இன்னும் ஏறலை. சேலை பீரோவுலதான் இருக்கு.